செவலை இருந்த விரதம்

எனக்கு மாலை போட்டு, முன்வரிசையில் உட்கார வைத்து, "உங்கள் சாதனைகளைப் பற்றி நாலு வார்த்தை சொல்லுங்கள் சார்" என்று கேட்கிறீர்கள். புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு என் சாதனை என்னத்துக்கு உதவும்? சாதித்ததெல்லாம் மருந்து செய்த வேலை. சொதப்பியதுதான் நானே சொந்தமாகச் செய்தது. அதனால் ஒரு நாயை நான் கொல்லப் பார்த்த கதையைச் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். அந்த வீட்டில் சிரித்த சிரிப்புக்கு முன்னால் உங்கள் சிரிப்பு ஒன்றுமில்லை.

இரண்டாவது உலக யுத்தம் ஆரம்பிப்பதற்குக் கொஞ்சம் முந்திய காலம். மெட்ராஸில் படித்துவிட்டு மதுரை கால்நடை மருத்துவமனையில் உதவி டாக்டராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஊர் அதை மாட்டாஸ்பத்திரி என்றுதான் சொல்லும். காக்கி டிரவுசர், தொப்பி, சைக்கிள், உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் பாக்கி இல்லை என்கிற நினைப்பு, இவ்வளவும் என்னிடம் இருந்தன. பழங்காநத்தம் அன்றைக்குத் தனிக் கிராமம். வயலும் கிணறுமாக இருக்கும். அங்கிருந்து ஒரு நாள் காலை மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, அதன் மேல் ஒரு நாயைப் படுக்க வைத்து, கணவனும் மனைவியுமாகக் கொண்டு வந்தார்கள்.

அவர் பெயர் கருப்பணன். ஆள் வாட்டசாட்டமாக, வாசல் நிலையில் குனிந்துதான் உள்ளே வருவார். மனைவி ராக்காயி அவர் தோளுக்குக்கூட எட்ட மாட்டார், ஆனால் பேச்சில் அவரைத் தாண்டி நாலு அடி உயரம். நாயின் பெயர் செவலை. செம்மண் நிறத்தில் ஏழு வயதுப் பெட்டை.

"என்ன செய்யுது?" என்றேன்.

"தண்ணி குடிக்குது டாக்டரு."

"நாய்னா தண்ணி குடிக்கத்தானே செய்யும்?"

"இம்புட்டுக் குடிக்காதுல்ல. மாட்டுத் தொட்டிய ஒத்த ஆளாக் காலி பண்ணுது. திங்கிறதுலயும் கொறையில்ல. ஆனா பாருங்க, எலும்பும் தோலுமாப் போச்சு."

ராக்காயி இடையில் புகுந்தார். "அது ஒண்ணுக்கு இருந்த எடத்துல எறும்பு மொய்க்குது. அதச் சொல்லாம தொட்டியப் பத்திச் சொல்லிக்கிட்டு இருக்காரு."

நான் பரிசோதனைக் குழாயைத் தொடுவதற்கு முன்னாலேயே அந்த அம்மாள் நோயைச் சொல்லிவிட்டார். நாயின் சிறுநீரில் நீல மருந்தைக் கலந்து விளக்கில் காய்ச்சினேன். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் நின்றது. நீரிழிவு. சந்தேகமே இல்லை.

கருப்பணன் நம்பவில்லை. "நாய்க்குச் சக்கர வியாதியா? அது வக்கீலுகளுக்கும் ஜமீனுகளுக்கும் வாரதுல்ல?" என்றார். பயத்தோடு கேட்டாலும் அவர் குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை நான் சத்தியமாகச் சொல்வேன்.

எங்கள் பெரிய டாக்டர் வந்து குழாயைப் பார்த்தார். நல்ல மனிதர், ஆனால் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. "ஒரே ஊசியில் அதன் கஷ்டத்தை முடித்துவிடு. இன்சுலின் என்றால் தினம் இரண்டு வேளை போட வேண்டும். அந்த வீட்டில் யார் போடுவார்கள்?" என்றார்.

"நான் போடுறேன். எங்க இருக்கு ஊசி?" என்றார் ராக்காயி.

அப்புறம்தான் செவலையின் கதை தெரிந்தது. போன வருஷம் களவாணிகள் அவர்களுடைய இரண்டு காளைகளையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். செவலை விடிய விடியப் பின்னாலேயே போய், கண்மாய்க் கரையில் அவர்களை மறித்துக் குரைத்தே ஊரைக் கூட்டிவிட்டது. காளைகள் திரும்பி வந்தன. "அந்த ரெண்டு மாடு போயிருந்தா இன்னிக்கு நாங்க கூலிக்குப் போயிருப்போம்" என்றார் ராக்காயி. "அதுக்கு ஒரு ஊசியப் போட்டுச் சாகடிச்சிட்டு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்த மாட்டுக்குத் தண்ணி காட்டுறது?"

பெரிய டாக்டர் என்னைப் பார்த்தார். "ஒரு மாதம் தருகிறேன். அதற்குள் நாய் தேறவில்லை என்றால் நான் சொன்னதை நீயே உன் கையால் செய்ய வேண்டும்." அப்படியாகச் செவலையின் உயிர் என் தலையில் ஏறியது.

ராக்காயிக்கு ஊசி போடப் பழக்கினேன். கத்தரிக்காயில் தண்ணீரை ஏற்றிப் பழகச் சொன்னேன். ஒரே நாளில் இருபது காய்க்குப் போட்டுவிட்டு அத்தனையையும் குழம்பு வைத்துவிட்டார். கருப்பணன் சங்கதி வேறு. மஞ்சுவிரட்டில் கொம்பு கிழித்த தழும்பு அவர் மார்பில் ஒரு சாண் நீளத்துக்கு இருக்கும். நான் ஊசியை மேலே தூக்கிக் காற்றை வெளியேற்றியதும், "எனக்கு ஒரு மாதிரி வருது டாக்டரு" என்று சொல்லிக்கொண்டே அப்படியே தரையில் சாய்ந்துவிட்டார். ராக்காயி செவலைக்கு ஊசியைப் போட்டு முடித்த பிறகுதான் கணவன் முகத்தில் தண்ணீர் தெளித்தார். "ரெண்டு பேர்ல யாரு நோயாளின்னு சொல்லிருங்க, அதுக்கே போட்ருவோம்" என்றார்.

மருந்துச் சீசாவை ஈர மணல் பரப்பிய பானைக்குள் வைத்து அடுப்படி மூலையில் வைக்கச் சொன்னேன். வீட்டில் கடிகாரம் கிடையாது. ஆனால் மில் சங்கு ஊதினால் பழங்காநத்தம் வரைக்கும் கேட்கும். அதைப் பிடித்துக்கொண்டேன். "காலைச் சங்கு ஊதினதும் ஊசி. ஊசி போட்டதும் சாப்பாடு. சாயங்காலச் சங்குக்கும் அப்படியே. சங்கு தவறாது, நீங்களும் தவறக்கூடாது" என்றேன். எனக்கே என் ஏற்பாடு ரொம்பப் பிடித்திருந்தது.

அடுத்தது பத்தியம். காளைகள் திரும்பிய நாளிலிருந்து தெருவே செவலைக்கு அதிரசமும் பணியாரமுமாகப் போட்டுக்கொண்டிருந்தது. நான் நடுத்தெருவில் நின்று, "இனிப்பு இதுக்கு விஷம். ஒரு துளி கொடுத்தாலும் நீங்க விஷம் கொடுத்த மாதிரி" என்று அடித்துச் சொன்னேன். ஜனங்கள் மிரண்டு போனார்கள். ராக்காயி கருப்பட்டிப் பானையைத் தூக்கிக்கொண்டு போய் ஊருக்கு அந்தக் கடைசியில் இருந்த நாத்தனார் வீட்டில் வைத்துவிட்டார். கருப்பணனுக்குக் காப்பியில் இனிப்பு நின்றது. "வியாதி நாய்க்கு, பத்தியம் எனக்கு" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் முணுமுணுப்பார்.

செவலை தேறியது. மூன்றாவது வாரம் குழாயில் செங்கல் நிறம் போய்ப் பச்சை வந்தது. விலா எலும்பு மறைய ஆரம்பித்தது. என் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டாலே தெருமுனைக்கு ஓடி வந்துவிடும். ஆஸ்பத்திரியில் நான் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். பெரிய டாக்டர்கூட ஒருமுறை, "உன் நாய் எப்படி இருக்கிறது?" என்று கேட்டார்.

நாலாவது வாரம் ஆடி அமாவாசை வந்தது. எனக்கு அது வாரப் பரிசோதனைக்குப் போகும் நாள், அவ்வளவுதான். பத்து மணி தாண்டிப் போனேன். மணியை அடித்தேன், செவலை வரவில்லை. வீட்டுக்குள் தொழுவத்து ஓரத்தில் பக்கவாட்டில் விழுந்து கிடந்தது. கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. வாயில் எச்சில் வழிந்தது. ராக்காயி அதன் தலையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"இப்பத்தான் டாக்டரு. தள்ளாடிக்கிட்டே வந்துச்சு, சாஞ்சிருச்சு."

"காலையில ஊசி போட்டீங்களா?"

"சங்கு ஊதினதும் போட்டேன். நான் தவறுவனா?"

ஊசி ஒழுங்காகப் போட்டிருக்கிறது, அப்படியும் மயக்கம் என்றால் நோய் மருந்தை மீறிவிட்டது, சர்க்கரை ஏறிவிட்டது என்று என் மூளை ஒரே பாய்ச்சலில் முடிவு கட்டியது. பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். யோசிப்பதற்கு முன்னால் கை வேலையைத் தொடங்கிவிட்டது. பையைத் திறந்தேன், இன்சுலினை எடுத்தேன், ஊசியில் ஏற்றினேன். செவலையின் தோலை இரண்டு விரலால் பிடித்தும் விட்டேன்.

அந்த நேரத்தில் தற்செயலாக நிமிர்ந்தேன். வாசல் மதில் மேல் ஒரு வாழை இலை. அதில் சோறு, பருப்பு, வடை எல்லாம் அப்படியே இருந்தன. பக்கத்தில் கருப்பணன் கையில் ஆளுயரக் கம்போடு நின்றுகொண்டிருந்தார். என்னையும் நாயையும் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார், ஆனால் இடத்தை விட்டு நகரவில்லை.

"அவர் என்ன செய்கிறார்?" என்றேன்.

"காக்காவுக்கு வச்சிருக்கு. கோழி ஏறிரக் கூடாதுல்ல, காவலுக்கு நிக்கிறாரு. இன்னும் காக்கா எடுக்கல."

"செவலை என்ன சாப்பிட்டது?"

ராக்காயி என்னை விநோதமாகப் பார்த்தார். "என்ன டாக்டரு இப்படிக் கேக்குறீக? அமாவாசையில்ல. செத்துப்போன எங்க மாமாவுக்குப் படைச்சு, காக்கா எடுத்தப்புறந்தான இந்த வீட்டுல யாரு வாயிலயும் ஏதாச்சும் படும். அதுவும் எங்க வீட்டுப் பிள்ளைதான. நாங்க பட்டினி கெடக்கையில அதுக்கு மட்டும் போட்டா அது என்ன வெரதம்?"

பிடித்திருந்த தோலை விட்டுவிட்டேன். காலைச் சங்குக்கு ஊசி. நாலு மணி நேரத்துக்கு மேலாக வெறும் வயிறு. இது சர்க்கரை ஏறிய மயக்கமா, இறங்கிய மயக்கமா? நிச்சயமாகச் சொல்ல என்னிடம் கருவி எதுவும் கிடையாது. ஆனால் ஒன்று மட்டும் அந்த நொடியில் தெளிவாகத் தெரிந்தது. ஏறிய நாய்க்கு இனிப்பைக் கொடுத்துவிட்டால் அந்தத் தப்பைச் சாயங்காலத்துக்குள் சரி செய்துகொள்ளலாம். இறங்கிய நாய்க்கு இன்சுலினைக் கொடுத்துவிட்டால் சாயங்காலம் என்பதே அதற்கு இல்லை. ஊசியைத் திருப்பி மருந்து முழுவதையும் தரையில் பீய்ச்சினேன்.

"கருப்பட்டி கொண்டாங்க, சீக்கிரம்."

ராக்காயி நாயை இன்னும் இறுக்கிக்கொண்டார். "மாட்டேன். நீங்கதான வெசம்னு சொன்னீக."

பாருங்கள், நான் நடுத்தெருவில் முழங்கிய முழக்கம் சரியான நேரத்தில் வந்து என் முன்னால் நின்றது. மூன்று வாரம் அந்த அம்மாள் என் வார்த்தை ஒன்றைக்கூட மீறவில்லை. இப்போது நானே மீறச் சொல்கிறேன். நாயைக் கொல்ல வந்த பைத்தியக்காரன் மாதிரி என்னைப் பார்த்தார். சத்தம் கேட்டு வாசலில் ஆள் சேர்ந்துவிட்டது. தொப்பியைக் கழற்றிவிட்டு அந்த அம்மாளுக்கு நேராகத் தரையில் உட்கார்ந்தேன்.

"நான் பாதிதான் சொன்னேன்மா. தப்பு என்னோடது. ஊசியப் போட்டுட்டுச் சோறு போடலைன்னா ரத்தத்துல இருக்கிற சர்க்கரை அம்புட்டும் இறங்கிப் போயிரும். அதனாலதான் விழுந்து கிடக்கு. இப்ப இதுக்கு இனிப்புதான் மருந்து."

ஒன்பது மாத உத்தியோகத்தில் ஊர்க்காரர்கள் முன்னால் தப்பு என்னுடையது என்று சொன்னது அதுவே முதல் தடவை. சொன்ன பிறகு வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. ராக்காயியின் கை தளர்ந்தது.

"வீட்டுல ஒரு பொட்டு இனிப்பு இல்லையே டாக்டரு. பானைய நாத்தனா வீட்டுல வச்சிருக்கேன். காலையில ஒரு கட்டி வாங்கியாந்தேன், அம்புட்டையும் மாமா பாயசத்துல போட்டாச்சு."

என் பையில் இன்சுலின் இருந்தது, குளுக்கோஸ் இல்லை. அது என் இரண்டாவது குற்றம், எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டில் வாங்கலாமே என்பீர்கள். அங்கேயும் அமாவாசைதான், கேட்டு விளக்கம் சொல்லி வாங்கி வரும் நேரம் அந்த நாயிடம் இல்லை. பாயசமோ ஐந்து அடி தூரத்தில், புது வேட்டியும் விளக்கும் வைத்த படையல் இலைக்கு முன்னால், செம்பு நிறைய இருந்தது. செத்துப்போன மனிதருக்கு வைத்தது. காக்கா இன்னும் எடுக்காதது.

ராக்காயி கணவனைப் பார்த்தார். "ஒங்க அய்யாவுக்கு வச்சது. நீங்கதான் சொல்லணும்."

அங்கே என் படிப்பு செல்லாது. கருப்பணன் கம்பைக் கீழே போட்டார். உள்ளே வந்தார். படையலுக்கு முன்னால் நின்று, பெரியவர் எதிரே உட்கார்ந்திருக்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். "அய்யா, கொஞ்சம் பொறுத்துக்கங்க. செவலைக்கு அவசரம்." செம்பை எடுத்து என் கையில் கொடுத்தார்.

மயங்கிக் கிடக்கும் நாயின் வாயில் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். அதனால் பாயசத்தை விரலில் தொட்டு ஈறிலும் கன்னத்தின் உள்பக்கமும் தேய்த்தேன். ராக்காயி மறுபக்கம் தேய்த்தார். ஒரு தடவை, இரண்டு தடவை, பத்துத் தடவை. கால் இழுப்பது நிற்கவில்லை. நான் தப்பாக முடிவு செய்துவிட்டேனோ என்று நினைத்துக்கொண்டே இன்னும் வேகமாகத் தேய்த்தேன்.

பிறகு கால் இழுப்பது கொஞ்சம் குறைந்தது. அப்புறம் நின்றது. செவலையின் நாக்கு மெல்ல வெளியே வந்து என் விரலை ஒரு தடவை நக்கியது. உள்ளே போனது. திரும்ப வந்தது. இந்தத் தடவை பாயசம் எங்கே இருக்கிறது என்று தேடியது. கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, செம்புக்குள் தலையை விட்டு முழுவதையும் வழித்துவிட்டது. மூன்று வாரமாக இனிப்பைக் கண்ணால் பார்க்காத நாய். அதன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து வாசலில் நின்ற கூட்டம் முழுக்கச் சிரித்துவிட்டது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. வெட்கப்படாமல் இரண்டையும் செய்தேன்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் மதில் மேல் சிறகடிக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் நாலு காக்கா இலையில் உட்கார்ந்து வடையை இழுத்துக்கொண்டிருக்கிறது. கருப்பணன் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார். "பாத்தீகளா டாக்டரு, எங்க அய்யா செவலைக்குக் குடுத்துட்டுத்தான் சாப்புடணும்னு இருந்திருக்காரு" என்றார்.

"ஆமா, அய்யா இருந்தாரு" என்றார் ராக்காயி. "நீங்க இம்புட்டுப் பெரிய கம்ப வச்சுக்கிட்டு மதிலுக்குப் பக்கத்துலயே நின்னா எந்தக் காக்கா கிட்ட வரும்?"

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி நடந்ததை ஒன்றுவிடாமல் பெரிய டாக்டரிடம் சொன்னேன். வேலை போய்விடும் என்றே நினைத்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. "ஊசியில் ஏற்றியதை என்ன செய்தாய்?" தரையில் பீய்ச்சிவிட்டேன் என்றேன். "இந்த மாதத்தில் நீ செய்த நல்ல வைத்தியம் அதுதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். ஒரு மாதக் கெடுவைப் பற்றி அப்புறம் அவர் பேசவே இல்லை.

நான் எங்கே தவறினேன் என்று உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். அந்த வீட்டில் யாரும் எதையும் மறக்கவில்லை, அசட்டையாகவும் இல்லை. நான் சொன்னதை எழுத்துக்கு எழுத்து செய்தார்கள். மருந்தை மில் சங்கோடு கட்டியது நான். சங்கு எல்லா நாளும் ஒரே நேரத்தில் ஊதும், அடுப்பு அப்படி எரியாது. மறுநாளே போய் ஒழுங்கை மாற்றினேன். முதலில் சாப்பாடு, நாய் தின்று முடித்ததைக் கண்ணால் பார்த்த பிறகு ஊசி, தின்னாவிட்டால் ஊசியைத் தொடாமல் எனக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். கருப்பட்டிப் பானையும் வீட்டுக்குத் திரும்பியது. ஒன்றைக் கூடாது என்று சொல்லும்போது, அதுவே எப்போது மருந்து ஆகும் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள். கருப்பட்டி திரும்பிய அன்று கருப்பணன் மூன்று லோட்டா காப்பி குடித்தார்.

அன்றிலிருந்து எந்த வீட்டு நாயைப் பார்த்தாலும், "உங்கள் வீட்டில் சாப்பாடு தாமதமாகிற நாள் எது?" என்று கேட்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஒரு வெள்ளைக்கார துரைசாணியிடமும் கேட்டேன். எங்கள் வீட்டில் எல்லாம் நேரப்படிதான் என்று கொஞ்சம் கோபமாகவே சொன்னார். ஞாயிற்றுக்கிழமை என்றேன். யோசித்தார். சர்ச்சுக்குப் போய்விட்டு, அங்கேயே நின்று ஊர்க்கதை பேசிவிட்டு வர மத்தியானம் ஆகிவிடும் என்றார். சமையல்காரருக்கும் அன்றுதான் விடுமுறையாம். அமாவாசை எல்லார் வீட்டிலும் இருக்கிறது, பெயர்தான் வேறு.

செவலை அதற்குப் பிறகு மூன்று வருஷத்துக்கு மேல் நன்றாக இருந்தது. ஆனால் நான் சொல்ல வந்தது அந்த வருஷம் புரட்டாசி அமாவாசையைப் பற்றி. அன்றைக்கு விடிந்ததிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. புது ஒழுங்கு இருக்கிறது, ஆனால் விரதம் விரதம்தானே. படையலுக்கு முந்தி நாய்க்குச் சோறு போட அந்த வீட்டில் மனசு வருமா? எட்டு மணிக்கெல்லாம் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் நின்றேன்.

கருப்பணன் தொழுவத்துக்குள் உட்கார்ந்திருந்தார். காக்கா மிரளும் என்று அவரை வாசல் பக்கமே வரக்கூடாது என்று வைத்திருந்தார்கள். முற்றத்தில் செவலைக்கு முன்னால் ஒரு முழு வாழை இலை, அதில் சோறும் பருப்பும். அது நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. ராக்காயி குளித்த ஈரத் தலையோடு, கையில் ஊசியோடு அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டிருந்தார். மதில் மேல் இன்னும் எதுவும் வைக்கவில்லை. மேலே வேப்ப மரத்தில் காக்காக்கள் காத்திருந்தன.

"படையல் ஆகுமுன்னயே இதுக்குப் போட்டுட்டீங்களே, உங்க மாமா கோவிச்சுக்க மாட்டாரா?" என்றேன்.

ராக்காயி இலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"அவரு எதுக்குக் கோவிக்கப் போறாரு? அவருக்கு என்ன, ஊசியா போடணும்? செவலை தின்னு முடிக்கட்டும், அவரு மெதுவா வரட்டும்."